வேலி தாண்டும் கரும்புள்ளி

இஞ்சி என்று அவளுக்குப் பெயர் வைத்தவன் கொழுந்தன். கல்யாணமாகி வந்த புதிதில் மாந்தோப்பைச் சுற்றிப் பார்த்தவள், மரங்களில் இவ்வளவு பட்ட குச்சிகள் தொங்குகின்றனவே, யாரும் வெட்டுவதில்லையா என்று கேட்டாள்.

"மரம் அதுவாவே உதுத்துக்கும் அண்ணி" என்றான் கொழுந்தன்.

"உன் தலைமுடி மாதிரியா தம்பி?"

அவனுக்கு அந்த வயதிலேயே நெற்றி மேலே ஏறத் தொடங்கியிருந்தது. வீடே சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டே, "அண்ணி இல்ல இது, இஞ்சி" என்றான். பெயர் நின்றுவிட்டது. பால்காரர், தபால்காரர் வரைக்கும் இஞ்சியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. கடிக்கிறவனுக்குத்தான் இஞ்சி காரம், சும்மா கிடந்தால் அது ஒரு கிழங்கு, அவ்வளவுதான் என்பாள்.

அந்த முதல் வருடம் மரம் கொள்ளாத பூ. பூ விரிகிற நேரத்தில் ஒரு வாரம் தூறலும் பனியுமாக இருந்தது. வெயில் திரும்பியபோது பூங்கொத்துகள் நெருப்பில் வாட்டியதுபோலக் கருகி நின்றன. மாமனார் விதி என்றார். அவள் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். நாள் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டில் வாயைத் திறப்பதே அபூர்வம். இஞ்சி கருகிய கொத்து ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறித் தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போனாள்.

அங்கிருந்த பெண் அதிகாரி நல்ல மனுஷி. அடுத்த வாரம் தோப்புக்கே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு மரத்தில் ஏறி, ஒரு பட்ட குச்சியை ஒடித்து வந்து, அதன் மேல் மிளகுப்பொடி அளவுக்கு இருந்த கறுப்புப் புள்ளிகளைக் காட்டினார்.

"இது பூஞ்சை. செத்த குச்சியிலயும் உதிர்ந்த இலையிலயும் உயிரோட உக்காந்திருக்கும். மழை பெய்ஞ்சா தண்ணி தெறிக்குதில்ல, அந்தத் தெறிப்புல ஏறி தளிர், பூ, காய் எல்லாத்துக்கும் போயிடும். காயில இறங்கினா கண்ணுக்கே தெரியாது. பச்சைக்காய் பளபளன்னுதான் இருக்கும். பழுக்கும்போதுதான் கரும்புள்ளி வெளிய வரும்."

"அப்ப மருந்து?"

"மருந்து ரெண்டாவதும்மா. முதல்ல ரம்பம். அறுவடை முடிஞ்சதும் பட்டதையெல்லாம் வெட்டி எரிச்சிடுங்க. மரத்துக்குள்ள வெயிலும் காத்தும் போகணும். ஈரம் காஞ்சா பூஞ்சைக்குப் பொழப்பு இல்ல."

இஞ்சி அன்றைக்கே ஒரு வளைந்த ரம்பம் வாங்கினாள். அதற்குப் பிறகு தோப்பு அவள் கையில்தான் இருந்தது. அறுவடை முடிந்த கையோடு காய்ந்த கிளைகளை, பச்சைக் கட்டை தெரிகிற இடம்வரை உள்ளே தள்ளி அறுப்பாள். ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் போகும்முன் ரம்பத்தை மருந்தில் நனைத்த துணியால் துடைப்பாள். வெட்டுவாயில் மயில்துத்தம் என்கிற நீல உப்பும் சுண்ணாம்பும் குழைத்த பசையைப் பூசுவாள். பூமொட்டு கிளம்புவதற்கு முன்னால் அதே இரண்டையும் பிளாஸ்டிக் டிரம்மில் தனித்தனியாகக் கரைத்து, ஒன்றாக்கி, வானத்து நீலத்தில் ஒரு கலவை செய்து தெளிப்பாள். கலவை சரியா என்று பார்க்க ஒரு பழைய கத்தியை அதில் முக்கி எடுப்பாள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் சேர்ப்பாள். பூ விரிந்த பிறகு ஒரு சொட்டு மருந்துகூட மரத்தின் மேல் படக்கூடாது. ஈக்களும் தேனீக்களும் வந்துபோனால்தான் காய் பிடிக்கும் என்பதில் அவள் அவ்வளவு கறார்.

தோப்பு தேறியது. புள்ளியில்லாத பழம் என்று மண்டியில் பெயர் வாங்கியது. மாமனார் இறந்தபோது சொத்தைப் பிரித்தார்கள். பெரிய சாலையிலிருந்த வீடு நாத்தனாருக்கு. தோப்பு இரண்டாகி, வடக்குப் பாதி கணவருக்கும் தெற்குப் பாதி கொழுந்தனுக்கும் வந்தது. நடுவில் கம்பி வேலி போட்டார்கள். பிரிந்த அன்று ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் நின்ற இஞ்சி, "தம்பி, உன் பாதியையும் நானே வெட்டித் தர்றேன்" என்றாள்.

"எதுக்கு அண்ணி கஷ்டம்? நான் பாத்துக்கிறேன்."

அவன் பார்த்துக்கொண்ட லட்சணம் அடுத்த வருடமே தெரிந்தது. பழத்தில் அவனுக்கு நாட்டமில்லை. மரங்களை வெட்டாமல் வளர விட்டான். கிளையோடு கிளை கோத்து, நடுப்பகலிலும் உள்ளே இருட்டாக இருந்தது. அங்கே மர பெஞ்சுகள் போட்டான், வண்ண விளக்குகள் கட்டினான், கல்யாண ஜோடிகள் வந்து புகைப்படம் எடுத்துக்கொள்ள வாடகைக்கு விட்டான். வேலியோரத்துப் பெரிய மரத்தின் படுத்த கிளையில் சங்கிலி போட்டு ஓர் ஊஞ்சல் தொங்கவிட்டான். தரையில் இலைகள் மெத்தைபோலக் கிடந்தன. படத்தில் அழகாக விழுகிறதாம், கூட்டவே விடமாட்டான்.

இஞ்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பாதியில் வெயில் இறங்குவதில்லை. மழை பெய்தால் இலை காய அரை நாள் ஆகும். பட்ட குச்சிகள் கொத்துக்கொத்தாகத் தொங்கின. மழையோடு தென்காற்று அடிக்கும்போதெல்லாம் அதிலிருந்த பூஞ்சை அவள் பக்கம் வந்து இறங்கியது. வேலியை ஒட்டிய அவளுடைய வரிசைகளில் தளிர்கள் கருகின. மண்டிக்குப் பச்சையாக, பளபளவென்று போன காய்கள் பழுத்தபோது அம்மை போட்ட முகமாயின. மண்டிக்காரர் ஒரு பெட்டியைத் திருப்பி எடுத்து வந்து வாசலில் வைத்தார்.

"இஞ்சியம்மா, உங்க பழம்னு கண்ண மூடிக்கிட்டு வாங்கினேன். தொறந்து பாருங்க."

அவள் திறந்து பார்த்தாள். அந்தப் பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போய் வேலிக்கு அந்தப் பக்கம் கவிழ்த்தாள்.

கொழுந்தன் ஓடி வந்தான். "என்ன அண்ணி இது?"

"உன் பொருள். திருப்பிக் குடுத்துட்டேன்."

"உங்க மரத்துப் பழத்துக்கு நான் என்ன பண்ணுவேன்?"

"ரம்பத்தை எடு, மரத்தைத் திறந்து விடு, இலையக் கூட்டி எரி. இதைத்தான் தலைபாடா அடிச்சுக்கிறேன்."

"எனக்கு நெழல்தான் அண்ணி மாம்பழம். அதை வெட்டிட்டு நான் எதை விக்கிறது?"

அவன் சொன்னதில் பொய்யில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். கெட்டவன் என்றால் சண்டை போட்டு ஓய்ந்துவிடலாம். இவன் சிரித்த முகத்தோடு, டீ சாப்பிடுங்க அண்ணி என்று உபசாரம் செய்துகொண்டே தோப்பைக் கெடுக்கிறவன். கணவரிடம் சொன்னாள். அவர் செருப்பின் மண்ணைத் தட்டிக்கொண்டே, "மௌனம் கலக நாசம்" என்றார்.

"கலகம் நாசமாச்சோ என்னவோ, மரம் நாசமாகுதுங்க" என்றாள்.

அடுத்த பூ மொட்டெடுக்கும் முன்னால் அவள் மருந்து தெளிக்கும் நாள் வந்தது. முந்தின நாளே வேலியோரம் நின்று கொழுந்தனிடம் சொன்னாள்: நாளைக்குக் காலையில் தெளிக்கப் போகிறேன், அந்த நேரத்துக்கு யாரையும் வரச் சொல்லாதே. அவன் போனில் பேசிக்கொண்டே தலையாட்டினான். மறுநாள் அவள் முதுகில் தெளிப்பானை மாட்டிக்கொண்டு, முகத்தில் துணி கட்டிக்கொண்டு வேலியோரத்து வரிசைக்கு வந்து சேர்ந்தபோது காற்று திரும்பியது. வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் அலறல் கேட்டது.

ஊஞ்சலில் ஒரு மணப்பெண். தந்த நிற உடை. அதன் மேல் நீலநீலமாகப் பொட்டுகள்.

இஞ்சி தெளிப்பானைக் கழற்றி வைத்துவிட்டு வேலியைத் தாண்டி ஓடினாள். அந்தப் பெண்ணின் முகத்தையும் கையையும் தானே கழுவிவிட்டாள். "கண்ணுல படலையே? வாயில போகலையே? மன்னிச்சிடும்மா. ஆளு இருக்கறது தெரிஞ்சிருந்தா அடிச்சிருக்கவே மாட்டேன்" என்றாள். அந்தப் பெண் நல்லவள். அழுதாளே தவிர ஒன்றும் சொல்லவில்லை. கத்தியது கொழுந்தன்தான். வேண்டுமென்றே செய்தாள், பொறாமை, தன் பிழைப்பைக் கெடுக்கப் பார்க்கிறாள் என்று வந்தவர்களுக்கு முன்னால் பேசினான்.

"நேத்து சொன்னேனா இல்லையா?" என்றாள் இஞ்சி.

"எங்கிட்ட யாரும் சொல்லல."

பச்சைப் பொய். அவள் திரும்பித் தன் பக்கம் போய்த் தெளிப்பானை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் பஞ்சாயத்துப் பேச வந்தார். கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார். தம்பிகள் இருவரும் இரண்டு பக்கம். இஞ்சி கதவுநிலையில் சாய்ந்து நின்றாள். கொழுந்தன் சொன்னதையெல்லாம் நாத்தனார் கேட்டார். இஞ்சி பேசத் தொடங்கியபோது கையை உயர்த்தினார்.

"பூஞ்சை, புள்ளின்னு கதை வேண்டாம். நாங்க பொறந்ததுலேருந்து பாக்குற மரம் இது. எங்கப்பா வச்சது. நேத்து வந்தவ நீ, எங்களுக்குத் தோப்பைப் பத்திச் சொல்லாத."

நேற்று வந்தவள். அந்தத் தோப்பில் ஏறி இறங்கி அவள் முழங்கால் தேய்ந்திருந்தது. சுண்ணாம்பு தின்ற விரல் நுனிகளில் ரேகையே இல்லை. அவள் பெற்ற மகளுக்கே கல்யாணமாகிவிட்டது. இஞ்சி கணவரைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார். ஒரு சொல் போதும். "அப்படிச் சொல்லாதக்கா" என்று ஒரு சொல். அது வரவில்லை.

அவள் பின்கட்டுக்குப் போய் ரம்பத்தையும் தெளிப்பானையும் எடுத்து வந்து கூடத்தின் நடுவில் வைத்தாள்.

"சரிதாங்கக்கா. உங்கப்பா வச்ச மரம். அவர் பெத்த பிள்ளைங்களே பாத்துக்கட்டும். வந்தவ கைய எடுத்துட்டேன்."

நாத்தனார் உதட்டைச் சுழித்தார். "கோவத்தைப் பாரு" என்றார்.

"பாருங்க. நல்லா பாருங்க" என்றாள் இஞ்சி.

மறுநாளே பழப் பெட்டி அடைக்கும் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தாள். நீண்ட மேசையில் உருண்டு வரும் பழங்களில் புள்ளி விழுந்ததைப் பொறுக்கி எடுக்க வேண்டும். கூட நின்ற பெண்கள் பேசிக்கொண்டே பொறுக்கினார்கள். இவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கினாள். ஒவ்வொரு புள்ளியும் யாரோ ஒருவர் வெட்டாமல் விட்ட குச்சி என்று அவளுக்குத் தெரியும். வீட்டுக்கு வரும்போது தோப்பு வழியாக வராமல் சாலையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். கணவருக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். தானாக ஒரு வார்த்தை பேசவில்லை. மௌனம் என்ன விலை என்று அவருக்கும் தெரியட்டும் என்றிருந்தது அவளுக்கு.

கணவர் ரம்பத்தை எடுத்துக்கொண்டு ஓரிரு நாள் போனார். எதை வெட்டுவது, எங்கே நிறுத்துவது என்று பிடிபடவில்லை. வெட்டியதை மரத்தடியிலேயே போட்டுவிட்டு வந்தார். பூத்தது, மழை வந்தது, கருகியது. அந்தப் பருவத்தில் வடக்குப் பாதிக்கும் தெற்குப் பாதிக்கும் வித்தியாசமே இல்லை. இஞ்சி ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். பழிவாங்கிய திருப்தி வரும் என்று எதிர்பார்த்திருந்தாள். வரவில்லை. கோபம்தான் இன்னொரு சுற்றுப் பெருத்தது.

பள்ளிக்கு விடுமுறையான ஒரு நாள் கொட்டகையிலிருந்து திரும்பும்போது சாலையில் குழி தோண்டியிருந்தார்கள். வேறு வழியில்லாமல் தோப்பு வழியாக நடந்தாள். வேலியோரம் வந்ததும் கால் நின்றது. ஊஞ்சல் கட்டிய கிளையில் சங்கிலி பட்டையை அறுத்து உள்ளே இறங்கியிருந்தது. அந்தக் காயத்தில் தண்ணீர் நின்று கறுத்திருந்தது. கிளையின் அடிப்பக்கம் காதுகாதாகக் காளான்கள் முளைத்திருந்தன. ஊஞ்சலில் ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும். தகப்பன் அந்தக் காளான்களோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"இறங்குங்க" என்று இஞ்சி கத்தினாள். "முதல்ல பிள்ளைங்கள இறக்குங்க."

கொழுந்தன் எங்கிருந்தோ வந்தான். "அண்ணி தோப்பு வேலைய விட்டுட்டதா சொன்னாங்களே?"

அவள் அவனைப் பார்க்கக்கூட இல்லை. கம்பி வேலிக்குள் குனிந்து நுழைந்தாள், சேலை கிழிந்தது. ஊஞ்சலைப் பிடித்து நிறுத்தினாள். சின்னப் பிள்ளையைத் தூக்கித் தகப்பனின் கையில் திணித்தாள். மற்ற இருவரும் இறங்கியதும் ஊஞ்சல் பலகையைச் சங்கிலியிலிருந்து கழற்றிக் கீழே போட்டாள். பிறகு ஒரு கல்லை எடுத்துக் கிளையில் தட்டினாள். பச்சை மரம் அப்படிச் சத்தம் போடாது. வெற்று டிரம் போல முழங்கியது. காயத்தின் ஓரத்துப் பட்டையை விரலால் நெம்பினாள். ஈர ரஸ்க் போலப் பழுப்புத் தூள் உதிர்ந்தது. அந்தக் குடும்பம் அதைப் பார்த்துவிட்டுக் காரை நோக்கி நடந்தது.

"என் பொழப்புல மண்ணைப் போடுறீங்க" என்றான் கொழுந்தன்.

"உன் பொழப்பு இருக்கட்டும். அந்தப் புள்ளைங்க பொழைக்க வேண்டாமா?"

"இத்தனை வருஷம் ஒண்ணும் ஆகல."

"ஆகலன்னா? ஆகிற அன்னிக்கு எனக்குச் சொல்லி அனுப்புவியா?"

அவன் சிரிக்கவில்லை. டீ சாப்பிடச் சொல்லவில்லை. அவள் கழற்றிப் போட்ட ஊஞ்சலை அவள் கண்ணெதிரே மறுபடி எடுத்து மாட்டினான். அவள் வீட்டுக்கு வந்து பாத்திரங்களைக் கழுவினாள். சத்தம் தெருமுனைக்குக் கேட்டது. கணவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"என்ன ஆச்சு?"

அவள் சொன்னாள். ஒரே மூச்சில் சொன்னாள். பூஞ்சை பட்டைக்குள் போய் மரத்தைத் தின்றுகொண்டிருப்பதை, பிள்ளைகள் அதில் ஆடியதை, தம்பி மறுபடி மாட்டியதை. கடைசியில், "உங்களுக்கு என்ன, ஃபேனைப் பாத்துக்கிட்டு இருங்க" என்றாள்.

விடிந்ததும் அவர் வேன் எடுக்கப் போகவில்லை. ரம்பத்தை எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டினார். இஞ்சி பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அறுக்கும் சத்தம் கேட்டது. வாயைக் கொப்பளிக்காமல் ஓடினாள். அவர் ஏணியில் நின்று ஊஞ்சல் கிளையை அறுத்துக்கொண்டிருந்தார். தம்பி கீழே நின்று, "அண்ணா, இது என் மரம். இறங்குண்ணா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். பாதி அறுத்ததுமே கிளை தானாக முறிந்து, பட்டையை நாராகக் கிழித்துக்கொண்டு, ஊஞ்சலோடு விழுந்தது. பெஞ்சு ஒன்று நொறுங்கியது. முறிந்த இடத்தில் கை நுழைகிற அளவுக்குப் பொந்து.

கொழுந்தன் அந்தப் பொந்தையே பார்த்தான். அவன் மகளும் மாப்பிள்ளையும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து அந்த ஊஞ்சலில்தான் ஆடிவிட்டுப் போயிருந்தார்கள்.

கணவர் ஏணியிலிருந்து இறங்கினார். மூச்சு வாங்கியது. "அக்கா உங்க அண்ணிய வந்தவன்னு சொன்னப்ப நான் வாயத் திறந்திருக்கணும்டா. திறக்கல. இந்தத் தோப்பு அவளுது. அக்காவுக்கும் நானே சொல்லிக்கிறேன்" என்றார்.

இத்தனை நாள் காத்திருந்த வார்த்தை. இஞ்சி நெகிழ்ந்துபோவாள் என்று அவர் நினைத்திருக்கலாம். அவள் மரத்தை அண்ணாந்து பார்த்தாள். பட்டை அடிமரம்வரை கிழிந்து வெள்ளையாகத் தொங்கியது.

"இப்படியா அறுப்பாங்க? முதல்ல அடியில ஒரு வெட்டுப் போட்டுட்டு அப்புறம் மேல அறுக்கணும்னு தெரியாதா? இந்தக் காயம் போதுமே, மிச்ச மரமும் சாக. இறங்கிட்டீங்கல்ல, ரம்பத்தைக் குடுங்க."

ஏணியில் ஏறிக் கிழிசலைச் சீராக்கி, அழுகின பாகத்தைச் செதுக்கி, வெட்டுவாயை வழவழப்பாக அறுத்தாள். கீழே பார்த்து, "தம்பி, மயில்துத்தமும் சுண்ணாம்பும் எங்க வீட்டுப் பின்கட்டுல இருக்கு. எடுத்துட்டு வா. இரும்பு வாளியில போடாத" என்றாள். அவன் போனான்.

பசை பூசி முடித்து இறங்கியபோது கணவர், "அப்ப நாளைலேருந்து நம்ம பக்கம்..." என்று தொடங்கினார்.

"இது தம்பி மரம். செத்துடக்கூடாதுன்னு செஞ்சேன். நம்ம பக்கத்துல, பத்திரத்துல என் பேர் ஏறாம ஒரு குச்சி வெட்ட மாட்டேன். அவளுதுன்னு வாயில சொன்னா போதாது."

அவர் செய்தார். பதிவு அலுவலகத்திலிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போய்த் தானே சொன்னார். என்ன பேசினார்கள் என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. நாத்தனார் அதற்குப் பிறகு இவர்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. எங்காவது பார்த்தால் இஞ்சி வணக்கம் மட்டும் வைப்பாள். "வந்தவன்னு சொன்ன வாய அவங்களே திரும்ப எடுத்துக்கட்டும். நானா போய்ப் பேச மாட்டேன்" என்பது அவள் முடிவு. அது மாறவேயில்லை.

கொழுந்தன் பாதிக்குப் பாதி இறங்கி வந்தான். வேலியை ஒட்டிய வரிசைகளில் பட்டதை வெட்டவும் நடுவைத் திறந்து விடவும் ஒத்துக்கொண்டான். ஊஞ்சலை இரும்புக் கம்பம் நட்டு அதில் மாட்டினான். உள்ளே மிச்சமிருந்த வரிசைகளைத் தொட விடவில்லை. நிழல் வேண்டுமாம். இலைகளையும் படமெடுக்க ஆள் வராத நாட்களில் மட்டும்தான் கூட்டினான். இஞ்சியின் தோப்பு நிமிர அதற்குப் பிறகும் வெகுகாலம் பிடித்தது. பழம் மறுபடி மண்டிக்குப் போனது. ஆனால் தென்காற்றில் மழை சேர்ந்து வந்தால் இன்றும் தெற்கோர மரங்களில் நாலு கொத்துக் கருகும். அன்றைக்கெல்லாம் அவள் குரல் வேலியைத் தாண்டிப் போகும். அவன் பெஞ்சுகளுக்கு நடுவில் துடைப்பத்தைத் தேடுவான்.

அந்தத் தோட்டக்கலை அதிகாரி ஓய்வு பெறுவதற்கு முன்னால் ஒருமுறை தோப்பைப் பார்க்க வந்தார். வெட்டுவாய்களைத் தடவிப் பார்த்துத் திருப்திப்பட்டார்.

"நோய் கட்டுக்குள்ள இருக்கேம்மா" என்றார்.

"நோய் கட்டுக்குள்ள இருக்கு மேடம். நான்தான் இல்ல" என்று சொல்லிவிட்டு, இஞ்சி அவரை வேலியோரம் கூட்டிக்கொண்டு போய், அந்தப் பக்கத்தில் வெட்டாமல் கிடந்த ஒவ்வொரு குச்சியையும் விரல் நீட்டிக் காட்டத் தொடங்கினாள்.